முன்கூட்டிச் சொன்ன நன்றி

இப்போது என்னால் மல்லாந்து படுக்க முடிகிறது. இதில் என்ன பெருமை என்று உங்களுக்குத் தோன்றலாம். ஏறக்குறைய ஒரு வருஷம் சுவரில் சாய்ந்து, முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்கியவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், உனக்கு என்னதான் ஆச்சு, ஆரம்பத்திலிருந்து சொல்லு என்று கேட்டார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். ஆனால் உடம்பைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் வரும். ஒரு பேனரைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

என் பெயர் நூர்ஜஹான். வீட்டில் நூரு. முதலியார்பேட்டையில் என் கணவர் யூசுப் ஃபிளக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். மெஷின் அவர் பொறுப்பு, கம்ப்யூட்டரில் டிசைன் செய்வது என் பொறுப்பு. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சித் தலைவர் பிறந்தநாள் என்று எல்லாம் வரும். எங்கள் தொழிலில் மிகவும் அவசரமான வேலை எது தெரியுமா? கல்யாணம் இல்லை. சாவுகூட இல்லை. நன்றி. சட்டமன்றத்தில் மத்தியானம் ஒரு அறிவிப்பு வந்தால், சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் அதற்கு நன்றி சொல்லும் பேனர் சிக்னலில் நிற்க வேண்டும். முதலில் கட்டியவர் முகம்தான் தலைவர் கண்ணில் படும் என்று ஒரு கணக்கு. அறிவித்த காரியம் நடந்ததா என்று பார்த்துவிட்டு நன்றி சொல்லலாம் என்று காத்திருந்தால் எங்கள் கடை ஈயடிக்கும்.

அப்படித்தான் அந்தச் சட்டத்துக்கும் பேனர் அடித்தோம். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன கெடுவுக்குள் சிகிச்சை கிடைக்காவிட்டால், நோயாளி எந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கும் போகலாம், செலவை அரசே கட்டும், இதை உரிமையாக்கி ஒரு சட்டம் கொண்டுவருவோம் என்று அமைச்சர் அறிவித்தார். எங்கள் வார்டில் கட்சிப் பொறுப்பில் இருக்கும் செல்வம் அன்றைக்கே ஓடி வந்தார். நல்ல மனுஷன்தான், பேச்சுதான் எப்போதும் காலுக்கு முன்னால் ஓடும். சிரிக்கும் குடும்பம் ஒன்று, ஸ்டெதாஸ்கோப் மாட்டிய டாக்டர் ஒருவர், மேலே தலைவர்கள், கீழே வரிசையாக வார்டுக்காரர்களின் முகங்கள். நடுவில் பெரிய எழுத்தில், ஏழைகளின் உயிர் காத்த தலைவருக்கு நன்றி என்று போடச் சொன்னார். போட்டேன். அந்த டிசைனைச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். அந்த வாரம் மெஷின் ஓயவில்லை.

எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய அப்போதுதான். கடை மாடியில் இருக்கிறது. படியேறி வந்து உட்கார்ந்தால் மௌஸைப் பிடிக்கக் கை வராது, நெஞ்சு அப்படி அடித்துக்கொள்ளும். மருந்துக்கடையில் கேஸ் டிரபிள் என்றார்கள். நாத்தனார், ஆஸ்துமாவாக இருக்கும் என்று கஷாயம் கொடுத்தாள். எனக்கு முப்பத்தெட்டு வயதுதான் ஆகிறது. பெருத்த உடம்பும் இல்லை. நடிக்கிறேன் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்த பிறகுதான் பயம் வந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் குளிர்ந்த பசை தடவி, ஒரு கருவியை அழுத்தித் தேய்த்துத் திரையில் இதயம் துடிப்பதைப் பார்ப்பது. வலி கிடையாது. ஆனால் பார்ப்பவர் எதுவும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார், அதுதான் கஷ்டம். பிறகு பெண் டாக்டர் ஒருவர் பொறுமையாகச் சொன்னார். இதயத்துக்குள் இரண்டு கதவு வைத்த ஒரு வாசல் இருக்கிறதாம், பெயர் மைட்ரல் வால்வு. சின்ன வயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது. அந்தக் காய்ச்சல் போகிற போக்கில் அந்தக் கதவுகளைத் தடிக்க வைத்து, ஓரங்களை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது. வாசல் குறுகியதால் ரத்தம் முன்னே போக முடியாமல் நுரையீரல் பக்கம் தேங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுவது அதனால்தான்.

மருந்து தேக்கத்தைக் குறைக்கும், வாசலைத் திறக்காது என்றார். தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் கொண்டுபோய், அதன் நுனியில் இருக்கும் பலூனை ஊதினால் கதவு திறந்துகொள்ளும். அறுவை இல்லை. உங்களுக்கு அது போதும், ஆனால் சீக்கிரம் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் பலூனுக்கே வாய்ப்பு இல்லாமல் போகலாம் என்றார். எப்போது செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. அதற்கான மெஷின் பழுதாகிக் கிடந்தது. அது சரியானாலும் முன்னால் ஒரு பெரிய வரிசை காத்திருந்தது. வசதி இருந்தால் வெளியே செய்துகொள்ளுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

வெளியே வந்ததும் யூசுப் சிரித்தார். எனக்குப் புரியவில்லை.

"எதுக்கு மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு வர்ற? அதான் சட்டம் வந்துடுச்சு இல்ல. நாமதான அடிச்சோம்" என்றார்.

எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது. இத்தனை வருஷம் பேனர் அடித்து அடித்து, நன்றி சொன்ன காரியம் நடந்து முடிந்த காரியம் என்று எங்களுக்கே மனதில் பதிந்துவிட்டிருந்தது. ஊருக்கு விற்ற சரக்கை நாங்களே வாங்கிக்கொண்டோம்.

மறுநாள் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவுன்டரில் எங்கள் மகளைவிடச் சில வயதே மூத்த ஒரு பெண் இருந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டி, புதுச் சட்டத்தின்படி சேர்த்துக்கொள்ளச் சொன்னார் யூசுப். எந்தச் சட்டம் என்று கேட்டாள். அவர் செல்ஃபோனை எடுத்து, மரப்பாலம் சிக்னலில் நிற்கும் எங்கள் பேனரின் ஃபோட்டோவைக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை. அதுவே எனக்குக் கலக்கமாக இருந்தது.

"சார், இதே பேனரதான் எல்லாரும் காட்றாங்க. கவர்மென்ட் ஆர்டர் வந்துருக்கா? ஆர்டர் வந்தாதான் சார் நாங்க சேக்க முடியும்" என்றாள்.

அந்த வாரம் மட்டும் எத்தனையோ பேர் அந்த ஃபோட்டோவோடு வந்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம். எங்களுக்குப் பின்னால் நின்ற பெரியவர், தன் ஃபோனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவருடைய ஃபோனிலும் அதுதான் இருந்திருக்க வேண்டும். யூசுப்புக்குக் காது மடல் சிவந்துவிட்டது. அந்த டிசைன் என் கையால் வந்தது என்று அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகுதான் காத்திருப்பு என்றால் என்னவென்று கற்றுக்கொண்டேன். அரசு ஆஸ்பத்திரியில் ஒரு வரிசை, சட்டத்துக்காக இன்னொரு வரிசை. இரண்டிலும் நின்றேன். வாரா வாரம் யூசுப் செல்வத்துக்கு ஃபோன் போடுவார். மசோதா சட்டத்துறையில் இருக்கிறது என்பார் செல்வம். அடுத்த வாரம் நிதித்துறையில் இருக்கும். பிறகு, நாம் யூனியன் பிரதேசம், டெல்லிக்கும் போய் வர வேண்டும் என்பார். நம் ஊர்ச் சட்டத்துக்கு டெல்லியில் என்ன வேலை என்று என் மகள் சஃபியா கேட்பாள். மசோதாவுக்குக் கை கால் முளைத்து ஊர் சுற்றுவதைப்போல நாங்கள் அதன் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்கோ குளியலறை வரைக்கும் போய்வர முடியவில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு சொல்தா வீடு இருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த குடும்பம். பென்ஷன் அங்கிருந்து வருகிறது. அந்த வீட்டம்மா என்னைப் பார்க்க வந்து, பாரிஸில் தன் மகனுக்கு இதே வால்வை மாற்றினார்கள், ஒரு அட்டையைக் காட்டியதோடு சரி என்று ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே தெரு, ஒரே குழாய்த் தண்ணீர். அவர்கள் நெஞ்சுக்கு ஒரு சட்டம் இருக்கிறது, என் நெஞ்சுக்கு ஒரு பேனர் இருக்கிறது. அவர் போன பிறகு அழுதேன். அழுதால் மூச்சு முட்டும் என்பதால் அதையும் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது.

அடுத்த கூட்டத்தொடர் வந்தது. மசோதா வரவில்லை. இறுதிக்கட்டத்தில் இருக்கிறது என்று அமைச்சர் சொன்னார். அன்று சாயங்காலம் செல்வம் படியேறி வந்து நின்றார். இறுதிக்கட்டத்துக்குக் கொண்டுவந்ததற்கு நன்றியாம். நான் நாற்காலியில் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் என்னிடமே எந்த ஃபோட்டோ பளிச்சென்று இருக்கும் என்று கேட்கிறார். நான் செய்ய மாட்டேன் என்று எழுந்துவிட்டேன். யூசுப் என்னைப் பார்க்காமல், பழைய டிசைனைத் திறந்து எழுத்தை மட்டும் மாற்றி அச்சுக்கு விட்டார். கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று முணுமுணுத்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அன்றைக்கு முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அந்த மெஷின் ஓடும் சத்தத்தை அதற்கு முன் அப்படி நான் வெறுத்ததில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய மார்க்கெட்டில் விழுந்தேன். வீட்டுக்குள்ளேயே கிடந்து பைத்தியம் பிடிக்கிறது, ஆட்டோவில் போய் மீன் மட்டும் வாங்கி வருகிறேன் என்று அடம் பிடித்து சஃபியாவோடு போயிருந்தேன். மீன் கடை வரிசையில் நிற்கும்போதே மூச்சுக்குள் களகளவென்று சத்தம் கேட்டது. இருமினால் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. யாரோ என்னைப் படுக்க வைக்கப் பார்த்தார்கள். சஃபியா, படுக்க வெக்காதீங்க, அம்மாவ உக்கார வெய்யுங்க என்று கத்தியது காதில் விழுந்தது. மீன் விற்கும் அம்மா ஒருவர் தன் மனையைப் போட்டு என்னை உட்கார வைத்து, என் முதுகைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டார். ஆட்டோவிலும் அப்படியே தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார். கடையை யாரிடம் விட்டுவிட்டு வந்தாரோ தெரியாது. அவர் பேர்கூட நான் கேட்கவில்லை.

நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆக்ஸிஜன் வைத்து, நீர் பிரிய ஊசி போட்டு, ஒருவழியாக என்னை இழுத்துக்கொண்டு வந்தார்கள். கண் தெளிந்தபோது யூசுப் கால்மாட்டில் நின்றிருந்தார். செத்துவிடுவேனா என்று கேட்டேன். அவர் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அவர் என் காலைத் தொட்டது அன்றைக்குத்தான்.

பெண்கள் வார்டில் பக்கத்துக் கட்டிலில் அஞ்சலை இருந்தாள். வில்லியனூர்ப் பக்கம் ஒரு கிராமம்; நெல், கொஞ்சம் கரும்பு. என்னைவிடச் சில வயது மூத்தவள், அதனால் அக்கா என்றேன். அவள் என்னைப் பாயம்மா என்றாள். அவளுக்கும் அதே வால்வு, அதே மூச்சு. இரண்டு பேரும் உட்கார்ந்தே தூங்குகிறவர்கள் என்பதால் எங்கள் வரிசையில் பேச்சுக்குக் குறைவில்லை. நாத்தனார் கொண்டுவரும் கஞ்சியில் உப்பு இருக்கக் கூடாது. அதை வாயில் வைக்க முடியாது. அஞ்சலை தன் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பாதியைப் பிழிந்து விடுவாள். அவள் வீட்டுக்காரர் தினமும் ஒன்று கொண்டுவருவார், அதில் பாதி எனக்கு. அந்தப் பழத்தின் வாசனை வந்தால் இப்போதும் அந்த வார்டு ஞாபகம் வருகிறது.

ஒருநாள் என்ன தொழில் என்று கேட்டாள். பேனர் அடிக்கிறோம் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க ஊர்ல கட்டி இருந்தாங்களே, டாக்டரு சிரிக்கிற மாரி படம் போட்டு, அது நீதானா? அத நம்பித்தான் நானும் டவுனுக்கு வந்து ரெண்டு ஆஸ்பத்திரி ஏறி எறங்குனேன்."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவளோ கோபமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். பேனரைக் கழற்றியதும் அவள் வீட்டுக்காரர் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகைக் கூரையில் போட்டாராம். மழைக்கு நன்றாகத் தாங்குகிறதாம், ஒரு சொட்டு ஒழுகவில்லையாம். அந்தச் சட்டத்தால் இதுவரை பலன் கண்டது அந்த மாடுகள்தான் என்று சொன்னேன். இரண்டு பேரும் சிரித்து, சிரித்ததில் மூச்சு வாங்கி, நர்ஸ் வந்து திட்டினாள்.

ஆஸ்பத்திரி மெஷின் ஒருவழியாகச் சரியானது. அவசரமாகச் செய்ய வேண்டியவர்களில் எங்கள் இருவர் பேரும் இருந்தது. முதலில் தொண்டை வழியாக ஒரு குழாயை விழுங்க வைத்து, இதயத்துக்குள் ரத்தக்கட்டி இருக்கிறதா, கதவுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்தார்கள். எனக்குச் சரி என்றார்கள். அஞ்சலைக்குக் கதவுகள் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிட்டனவாம். பலூன் வைத்தால் கிழிந்துவிடும். நெஞ்சைத் திறந்து வால்வையே மாற்ற வேண்டும். அந்த ஆபரேஷன் இங்கே உடனே ஆகாது, வெளியேதான் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் பலூனே போதுமாயிருந்திருக்கும் என்று டாக்டர் அவள் வீட்டுக்காரரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. ஒரு வருஷத்துக்கு முன்னால் அவள் எங்கள் பேனரைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

என்னை உள்ளே கொண்டுபோனார்கள். மல்லாந்து படுங்கள் என்றார்கள். அதுதான் எனக்கு எமன். படுத்தால் முட்டும் என்றேன். கொஞ்ச நேரம்தான், நாங்க இருக்கோம் என்று அந்தப் பெண் டாக்டர் என் தலையைப் பிடித்துக்கொண்டார். தொடையில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். நினைவு முழுக்க இருந்தது. உள்ளே ஏதோ நகர்வது தெரிந்தது, வலி இல்லை. பலூனை ஊதிய கணத்தில் நெஞ்சு ஒரு தடவை தடுமாறியது. கலிமா சொன்னேன். பிறகு ஒரு மூச்சு உள்ளே போனது. அடைப்பில்லாமல், களகளப்பில்லாமல், சும்மா உள்ளே போனது. நான் படுத்துக்கொண்டிருந்தேன், மூச்சு வந்துகொண்டிருந்தது. என்னையறியாமல் வாய்விட்டு அழுதுவிட்டேன். வலிக்கிறதா என்று பதறினார்கள். இல்லை என்று தலையாட்டினேன்.

வார்டுக்குத் திரும்பிய பிறகு, காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும் என்றார்கள். நான் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் அஞ்சலை உட்கார்ந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பொறாமை கொஞ்சம்கூட இல்லாத சிரிப்பு. எனக்கு அது தாங்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவள் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனாள். நீர் பிரியும் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவள் என் கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தைத் தலையணைக்கடியில் வைத்தாள். என் ஃபோன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

"அந்தச் சட்டம் வந்துச்சின்னா சொல்லு பாயம்மா. ஒனக்குத்தான மொதல்ல தெரியும்" என்றாள்.

நான் தேறி வந்தேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்கிறேன். அந்தப் பழைய காய்ச்சல் மறுபடி வராமல் இருக்க. வலிக்கும், பரவாயில்லை. மாடிப்படியை நிற்காமல் ஏறுகிறேன். யூசுப் இன்னமும் கீழே நின்று நான் ஏறி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், அவர் ஒத்துக்கொண்டார். அதன்படி, போன கூட்டத்தொடரில் மசோதாவை ஆராய ஒரு குழு போடப்போவதாக அறிவிப்பு வந்து, அன்று சாயங்காலம் செல்வம் படியேறி வந்தபோது நான் அவரிடம் கேட்டேன்.

"ஆர்டர் வந்துருக்கா செல்வம்? வந்திருந்தா காட்டுங்க, காசு வாங்காமயே அடிச்சித் தர்றேன்."

செல்வம் யூசுப்பைப் பார்த்தார். யூசுப் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் விளையாடுவதாக நினைத்துச் செல்வம் முதலில் சிரித்தார். பிறகு, என்னக்கா, நன்றி சொல்றதுக்குக்கூடவா ஆர்டர் வேணும் என்று வருத்தமாகவே கேட்டுவிட்டு இறங்கிப் போனார். வேறு கடையில் அடித்துக்கொண்டார். மறுநாள் சிக்னலில் பார்த்தேன். எங்கள் பழைய டிசைன்தான், அதே டாக்டர், அதே சிரிப்பு.

அதற்கு அடுத்த நாள் ஃபோன் வந்தது. அந்தப் பக்கம் முதலில் மூச்சுதான் கேட்டது. அந்த மூச்சை எனக்குத் தெரியும்.

"பாயம்மா... எங்க ஊர்ல... மறுபடி கட்டி இருக்காங்க. வந்துடுச்சா?"

ஒரு வாக்கியத்துக்கு இத்தனை இடத்தில் நிற்க வேண்டியிருந்தது அவளுக்கு. 

"இன்னும் வரலக்கா. அது நாங்க அடிச்ச பேனர் இல்ல."

அவள் மூச்சைச் சேர்த்துக்கொள்ளும் வரை காத்திருந்தேன்.

"அப்படியா. அப்ப நீ அடிக்கிறப்ப... சொல்லும்மா" என்றாள். "அதுவரைக்கும்... உக்காந்துகினே இருக்கேன்."